ஆறாம் மூச்சு

கோயம்புத்தூரில் எந்தப் பேருந்தில் ஏறினாலும் ஷைனி மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள். அவள் இறந்து ஏழு வருடமாகிறது.

பேய்க்கதை சொல்ல வரவில்லை. காலை எட்டரை மணிக்குக் காந்திபுரத்தில் ஏறுகிறேன். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இருபது பேர் நிற்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களின் கடைசி விலா எலும்புக்குக் கீழே நாணயம் அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கிறது. அதற்குப் பெயர் சீர். அது தோலுக்குள் மிக லேசாகத் தட்டித் தட்டி, யாரோ ஒருவருடைய மூச்சைச் சொல்லிக் கொடுக்கிறது. உடம்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. பத்து நிமிடத்தில் தலைக்குள் இருக்கும் சந்தை இரைச்சல் அடங்கி, செய்ய வேண்டிய வேலை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. பரீட்சைக்குப் போகும் பிள்ளை, கிரேன் ஓட்டுகிறவர், ஆபரேஷன் செய்யும் டாக்டர் எல்லாருக்கும் இன்றைக்கு அது வேண்டும். "சீர் போட்டாச்சா?" என்று கேட்டுத்தான் அம்மாக்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அந்த வில்லைக்குள் இருக்கும் மூச்சு ஷைனியுடையது. பதிவு செய்தவள் நான்.

என் பெயர் மோனிஷா. வயது ஐம்பத்தொன்பது. இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு, பாட்டிப் பெயராம். எங்கள் வகுப்பில் மூன்று மோனிஷாக்கள் இருந்தோம் என்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள். கல்லூரியில் கபடி அணித் தலைவி, பிறகு மாநில அணி, பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. அதிலும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மூச்சைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்பதற்காக 'நிதானம்' என்ற நிறுவனத்தில் மூச்சுப் பதிவாளராகச் சேர்ந்தேன்.

முதலில் அவர்கள் கணக்குப் போட்டுத்தான் சீர் செய்தார்கள். நாலு எண்ணி இழு, இரண்டு எண்ணிப் பிடி, ஆறு எண்ணி விடு. காகிதத்தில் அருமையாக இருந்தது. போட்டவர்கள் பதினைந்து நிமிடத்தில் கொட்டாவி விட்டார்கள், சிலருக்குத் தலை சுற்றியது. ஒரு உடம்பு இன்னொரு உடம்பின் மூச்சைத்தான் பின்பற்றும், கணக்கைப் பின்பற்றாது என்று கண்டுபிடிக்க அந்தப் பெரிய படிப்பாளிகளுக்கு நாலு வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு நல்ல மூச்சு உள்ள மனிதர்களைத் தேடினோம். யோகா ஆசிரியர்கள், கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவர்கள், பாடகர்கள் என்று பன்னிரண்டு பேரைப் பதிவு செய்தோம். ஆறாவதாக வந்தவள் ஷைனி. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அவளைக் கூப்பிடலாம் என்று சொன்னது நான்தான்.

மற்ற பதினோரு மூச்சுகளும் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆறாம் மூச்சு மட்டும் நாடு முழுக்கப் போயிற்று.

அதன் ரகசியம் ஒரு சின்ன விஷயம். ஷைனி மூச்சை நீளமாக விடுவாள். சில சமயம், விட்டுக்கொண்டே வரும்போது நடுவில் ஒரு சின்ன இழுப்பு வரும். ஒரு சொட்டுக் காற்று உள்ளே போகும், பிறகு மறுபடியும் விடுவது தொடரும். மனசு மெல்ல நழுவி வேறெங்கோ போகப்போகிற சரியான நேரத்தில், அந்த இழுப்பு வந்து காதைப் பிடித்துத் திருப்பிவிடும். அந்த இழுப்பை மட்டும் நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். போட்டவர்கள் தூங்கிவிட்டார்கள்.

அதனால்தான் பேருந்தில் எனக்கு அது கேட்கிறது. இரைச்சல் குறையும்போது, சிக்னலில் வண்டி நிற்கும்போது, அறுபது பேருக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்த இழுப்பு. கண்ணை மூடினால் நான் கல்லூரி விடுதியில் இருக்கிறேன். பத்தொன்பது வயது ஷைனி பக்கத்துப் பாயில் தூங்குகிறாள், அவள் தலைமாட்டில் கைப்பேசி சார்ஜில் கிடக்கிறது. அதெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு அலைந்த கைப்பேசிகளின் காலம். அலாரம் அடித்தால் எனக்கு முன்னால் அவள் எழுந்து, என் கைப்பேசியையும் சேர்த்து அணைத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம்க்கா, அஞ்சே நிமிஷம்" என்பாள். அவளுக்கு அந்த ஐந்து நிமிடம் எப்போதும் இருபது நிமிடம். எவ்வளவு திட்டியிருப்பேன். இப்போது அந்த இருபது நிமிடத்துக்காக எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

நான் சீர் போட்டதே கிடையாது. பதிவாளர்கள் போடக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி, எங்கள் மூச்சு கெட்டுப்போனால் காது கெட்டுப்போகுமாம். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

போன பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் பர்வீன் என் அறைக்கு வந்தார். எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவி அவர், கரூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். கதவைத் தட்டாமல் வருகிறவர் அன்றைக்குத் தட்டிவிட்டு வந்தார்.

"அக்கா, ஆறாம் மூச்சைப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

"உக்காந்து கேளுங்க."

"மூணு வருஷத்துக்கு மேல சீர் போட்டவங்க, அதைக் கழட்டின அப்புறமும் அந்த இழுப்பு அவங்ககிட்ட இருக்கு. தூங்கும்போதும் இருக்கு. ஒட்டிக்கிச்சு."

"இருந்துட்டுப் போகட்டும். நல்லதுதானே?"

"அது நல்லதா கெட்டதான்னுதான் தெரியல. நேத்து ஒரு குழந்தைய கொண்டாந்தாங்க. மூணு மாசக் குழந்தை. அதுக்கும் அந்த இழுப்பு இருக்கு. குழந்தைக்கு யாரும் சீர் போடல. அம்மா நெஞ்சு மேல படுத்துத் தூங்குற குழந்தை, அவ்வளவுதான்."

பர்வீன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதய டாக்டர்ங்க ரெண்டு பேர் சொல்றாங்க, சில வகை இதயக் கோளாறுல மூச்சு இப்படித்தான் தடுக்கி வருமாம். ஷைனி மேடம் பதிவு முடிஞ்சு ரெண்டு வருஷத்துல தூக்கத்துலேயே போயிட்டாங்க. நெஞ்சு வலின்னு எழுதியிருக்கு. இது நோயாளியோட மூச்சா இருந்தா, நாம கோடிக்கணக்கான ஆளுங்களுக்கு ஒரு நோயைப் பழக்கி விட்டிருக்கோம். இந்த மாசம் முப்பதாந் தேதியோட ஆறாம் மூச்சை மொத்தமா எடுத்துடணும்."

"நோய் இல்லேன்னா?"

"விளையாட்டுல பழகின பழக்கம்னா பிரச்சனை இல்ல. தொடரலாம். அவங்க பொண்ணு மெர்லின் கிட்ட கேட்டேன். 'அந்த இழுப்பப் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல, மோனிஷா பெரியம்மாவ கேளுங்க'ன்னு போனை வச்சுட்டாங்க. அவங்க மூச்சு உங்களுக்குத்தான் தெரியும். அது என்னக்கா?"

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கபடியில் பாடிக்கொண்டு போகிற பெண், எதிரணிக் களத்துக்குள் கால் வைத்ததிலிருந்து திரும்பிக் கோட்டைத் தொடும் வரை ஒரே மூச்சில் பாட வேண்டும். நடுவில் மூச்சு இழுத்தால் அவுட். இழுக்காத மாதிரி இழுப்பது ஒரு கள்ள வித்தை. அதற்கு எங்கள் பக்கம் மூச்சுத் திருட்டு என்று பெயர். இரண்டு 'கபடி'க்கு நடுவில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சொட்டுக் காற்றை உள்ளே தள்ளிவிடுவார்கள். நடுவரின் காதுக்குச் சில நேரம் பிடிபடும், பல நேரம் பிடிபடாது.

சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்க எங்கள் பக்கத்துப் பெண்கள் போட்டிகளில் ஒரு வழக்கம் இருந்தது. நடுவர் வீடியோவைப் பார்க்கமாட்டார், எதிரணியைக் கேட்கமாட்டார். பாடிய பெண்ணின் அணித் தலைவியைக் கூப்பிட்டுக் கேட்பார். அவள் சொல்வதுதான் முடிவு. வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தன் அணியைத் தானே எவள் காட்டிக்கொடுப்பாள்? ஆனால் நாங்கள் சொல்லியிருக்கிறோம். கேப்டன் பொய் சொன்னாள் என்ற பெயர் வாங்குவதைவிடத் தோற்பது மேல் என்று எங்களுக்கு அப்படி ஒரு வீம்பு.

வேடசந்தூரில் இறுதிப் போட்டி. இருபத்தேழுக்கு இருபத்தேழு. கடைசிப் பாட்டு ஷைனியுடையது. போனாள், இரண்டு பேரைத் தொட்டாள், மூன்றாவது பெண் காலைப் பிடிக்க வந்தபோது அவள் தோளுக்கு மேல் தாவி வந்து கோட்டைத் தொட்டாள். மைதானமே எழுந்து கத்தியது. அந்தக் கத்தலுக்குள் எதிரணித் தலைவி கையைத் தூக்கினாள். "சார், மூச்சு இழுத்தா!"

நடுவர் என்னிடம் வந்தார். "என்னம்மா, இழுத்தாளா?"

இழுத்தாள். நான் கோட்டோரமாக நின்றிருந்தேன், என் காதால் கேட்டேன். தாவுவதற்குக் கொஞ்சம் முன்னால், அதே இழுப்பு. ஷைனி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஆமா சார். இழுத்தா."

தோற்றோம். மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்த தேர்வாளர்கள் இரண்டு பேர் அன்றைக்கு மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இறங்கி வந்து என் முதுகில் தட்டி, "இந்த மாதிரி ஒரு கேப்டன்தாம்மா வேணும்" என்றார். அடுத்த வாரம் எனக்குக் கடிதம் வந்தது. ஷைனிக்கு வரவில்லை. மூச்சுத் திருடுகிறவள் என்று பெயர் வந்தபிறகு யார் எடுப்பார்கள்?

அவள் என்னிடம் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிக்கா" என்றாள், அவ்வளவுதான். பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு முப்பது வருடம் பேச்சில்லை.

நான் பதிவுக்குக் கூப்பிட்டபோது எந்த வம்பும் பண்ணாமல் வந்தாள். எங்கள் விருந்தினர் அறையில் இரண்டு நாள் தங்கினாள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். அவள் மகள் ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்ததைப் பற்றிப் பேசினோம். எங்கள் கேண்டீன் சாம்பாரை இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம். அந்த நாளைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஏன் திறக்க வேண்டும்? உண்மையைச் சொன்னவள் நான். தப்பு செய்தவள் வந்து கேட்கட்டும் என்று ஐம்பது வயதிலும் மனசுக்குள் ஒரு திமிர். அவள் கிளம்பும்போது பேருந்து நிலையம் வரை போனேன். ஜன்னலிலிருந்து கையை நீட்டி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

இப்போது பர்வீன் என் முன்னால் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தார்.

எவ்வளவு சுலபமான கேள்வி பாருங்கள். "அது மூச்சுத் திருட்டு, கபடிப் பழக்கம்" என்று நான் சொன்னால் ஆறாம் மூச்சு பிழைக்கும். பேருந்தில் ஷைனி இருப்பாள், நான் சாகும் வரை இருப்பாள். ஆனால் அவளை இரண்டாவது முறையாகத் திருடி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "அது நோய்" என்றால் அவள் பெயர் சுத்தமாகும். முப்பதாம் தேதி அவள் உலகத்திலிருந்து முழுசாகப் போய்விடுவாள்.

"எனக்கு ஒரு நாள் வேணும்" என்றேன். "அவ தூங்குற பதிவு பெட்டகத்துல இருக்கும்ல? அதைத் திறந்து குடுங்க."

இரண்டு நாள் தங்குகிறவர்களின் மூச்சை நாங்கள் முழுக்கப் பதிவு செய்வோம், தூக்கத்தையும் சேர்த்து. அதில் விழிப்பும் கவனமும் கூடிய அரைமணி நேரத்தை மட்டும் சீருக்கு எடுத்துக்கொண்டு மீதியைப் பூட்டிவிடுவோம். அடுத்தவர் தூக்கத்தைக் கேட்பது மரியாதையில்லை என்பதால் மருத்துவர் அனுமதியில்லாமல் யாரும் திறக்க முடியாது. நானும் அதுவரை திறந்ததில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஷைனி தூங்கினாள். இடையில் ஒருமுறை இருமினாள், புரண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நீண்டது. விடும்போது நடுவில், அந்த இழுப்பு. பிறகு ஒன்று. பிறகு இன்னொன்று.

தூக்கத்தில் எவளும் மூச்சைத் திருடுவதில்லை. திருடுவதற்கு அங்கே யார் பாடுகிறார்கள், எந்தக் கோட்டைத் தாண்ட வேண்டியிருக்கிறது?

காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். அவள் திருடவில்லை. அது அவள் உடம்பில் இருந்த ஏதோ ஒன்று, அவள் கேட்டு வாங்காத ஒன்று. எல்லாருக்கும் முன்னால் என் வாயால் அவள் பெயரைக் கெடுத்தேன். அந்த முதுகுத் தட்டலை வாங்கிக்கொண்டு மாநில அணிக்குப் போனேன், வேலை வாங்கினேன், ஓய்வூதியமும் வாங்குகிறேன். வெட்கமாக இருந்தது, சொல்ல முடியாத வெட்கம்.

பர்வீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேடசந்தூர் உட்பட. "பழக்கம் இல்ல. திருட்டும் இல்ல. உடம்புலயே இருந்திருக்கு. நோய்னே எழுதிக்கங்க. அவ சின்ன வயசுலேர்ந்தே சீக்காளியா இருந்திருக்கா, அதோடயே அவ்வளவு தூரம் விளையாடியிருக்கான்னு எழுதுங்க."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்லக்கா?"

"இருக்கும். அதுக்காக?"

அந்த வாரம் முழுக்க வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேருந்தில் சுற்றினேன். காந்திபுரம், உக்கடம், சிங்காநல்லூர், மறுபடி காந்திபுரம். ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போனேன். ஒரு அம்மாவும் மகளும் பயங்கரமாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் ஓய்ந்தபோது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த இழுப்பு வந்தது. முன்பெல்லாம் ஆளுக்கொரு விதமாக மூச்சு விட்டோம். எங்கள் அப்பா மாடி ஏறினால் மூச்சை வைத்தே எந்தப் படியில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். சீர் வந்தபிறகு பெருமூச்சு விடுகிற ஆளையே காணோம். முப்பதாம் தேதிக்குப் பிறகு இவர்கள் எல்லாரும் அவரவர் மூச்சுக்குத் திரும்பித் தடுமாறுவார்கள், பிள்ளைகளுக்குப் பரீட்சையில் கவனம் சிதறும், என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். எனக்கு அதைவிடவும் அவள் போகப்போகிறாள் என்பதுதான் மனசில் இருந்தது.

இருபத்தாறாம் தேதி பர்வீன் கூப்பிட்டார்.

"அறிக்கைக்கு ஒப்பிட்டுக் காட்ட ஒரு பதிவு வேணும்க்கா. அவங்க காலத்துல கபடி விளையாடினவங்க, சீரே போடாதவங்க. நாடு பூராத் தேடுறேன், ரெண்டும் சேர்ந்த ஆள் கிடைக்கல. நீங்களே படுத்துருங்களேன்."

மூச்சைப் பதியும் பட்டையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஆய்வறைக் கட்டிலில் படுத்தேன். ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை, அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தபோது பர்வீன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நிஜமாச் சொல்லுங்க. வீட்ல யாருக்கும் தெரியாம சீர் போடுறீங்களா?"

"சத்தியமா இல்ல. ஏன்?"

திரையை என் பக்கம் திருப்பினார். என் மூச்சு ஒரு கோடாக ஓடியது. நீளமாக இறங்கிக்கொண்டே வந்த கோட்டில், நடுவில் ஒரு சின்ன மேடு. கொஞ்ச தூரம் தள்ளி மறுபடியும் ஒரு மேடு.

"பஸ்ல சுத்துனேன்ல, ஒட்டியிருக்கும்" என்றேன்.

"பஸ்ல போனா ஒட்டாதுக்கா. தினமும் உடம்போட உடம்பா, மாசக்கணக்குல படுத்திருந்தாத்தான் ஒட்டும், அந்தக் குழந்தைக்கு மாதிரி. அதோட இது நேத்து வந்த மாதிரி இல்ல. ஷைனி மேடத்தோட பதிவுல இருக்கறதவிட உங்களுக்கு இது ஆழமா இருக்கு."

அன்றே என் இதயத்தை எல்லா விதத்திலும் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. குதிரை மாதிரி இருக்கிறது என்றார் இதய டாக்டர். பர்வீன் அத்தோடு விடாமல், ஆறு வருடமாகச் சீர் போடுகிற இருநூறு பேரை வரவழைத்து அவர்கள் இதயங்களையும் பார்த்தார். எல்லாம் சுத்தம். இழுப்புக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று எழுதினார். ஆறாம் மூச்சு பிழைத்தது. நிறுவனத்தில் கேக் வெட்டினார்கள். என் பங்கை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஏனென்றால் அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பயிற்சியாளர் புதிதாகப் பாட வரும் பெண்களை ஓடவிடமாட்டார். முதல் ஆறு மாதம் விடிந்ததும் களத்து மண்ணில் அணித் தலைவிக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். உள்ளங்கையைத் தலைவியின் வயிற்றில் வைத்து, அது ஏறும்போது இழுத்து, இறங்கும்போது விட வேண்டும். அரை மணி நேரம், பேச்சு கூடாது. சிந்தனை ஓடினால் கை தாளம் தப்பும், தப்பினால் மறுபடி முதலிலிருந்து. சீரும் வில்லையும் இல்லாத காலத்தில் கவனத்தைப் பழக்க எங்களிடம் இருந்த வழி அதுதான். ஷைனி ஆறு மாதத்தோடு நிறுத்தவில்லை. இரண்டு வருடம் என் வயிற்றில் கை வைத்துப் படுத்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது, எனக்கும்தான்.

இழுப்பு என்னுடையது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, எந்த மூத்தவளின் வயிற்றிலிருந்து எடுத்தேனோ தெரியாது. நான் பாடும்போதும் அது வந்திருக்கும். என் தொண்டை பெரிது, ஊரே அதிரும்படி கத்துவேன், யார் காதிலும் விழுந்திருக்காது. என் காதிலும் விழவில்லை. ஷைனியின் குரல் மெல்லியது. அவளிடம் மட்டும் அது கேட்டது.

அடுத்த நாளே திண்டுக்கல்லுக்குக் கிளம்பினேன். அவள் மகளிடமாவது சொல்லியாக வேண்டும். மெர்லின் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. உள்ளே அவள் குரல் கேட்டது. "மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. பிடிங்க. ம், விடுங்க." வெளியே வந்து என்னைப் பார்த்தவள், "பெரியம்மா! சாப்டீங்களா?" என்றாள். வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து அவள் டப்பாவில் பாதியை மூடியில் போட்டு நீட்டினாள். எலுமிச்சைச் சாதம்.

நான் சாப்பிடாமல் சொல்லத் தொடங்கினேன். வேடசந்தூரில் நடந்தது, தூக்கப் பதிவு, என் மூச்சில் வந்த மேடு, எல்லாம். "உங்கம்மா திருடல, மெர்லின். அது என்கிட்டேர்ந்து வந்தது. நான்தான் தெரியாம..."

"அம்மாவுக்குத் தெரியும் பெரியம்மா."

"என்ன தெரியும்?"

"அது உங்களுதுன்னு. ரெண்டு வருஷம் வயித்துல கை வச்சுப் படுத்தவங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு அந்த நடுவர் கேட்டப்பவே தெரியும்."

சாத மூடியை பெஞ்சில் வைத்தேன்.

"அப்பறம் ஏன்டி அவ சொல்லல? 'எங்க கேப்டனயும் பாடச் சொல்லிக் கேளுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே?"

"மேடையில செலக்டர் ரெண்டு பேரு இருந்தாங்களாம். சொன்னா ரெண்டு பேருக்குமே சான்ஸ் போயிருக்கும்னாங்க. ஒருத்தராச்சும் மாநில அணிக்குப் போகட்டும்னு விட்டுட்டாங்க." மெர்லின் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டாள். "இத யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க. அதான் அந்த டாக்டரம்மாவ உங்கள கேக்கச் சொன்னேன். இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

"அப்ப கோவமே இல்லையா அவளுக்கு? முப்பது வருஷம் பேசாம இருந்தாளே?"

"கோவம் இல்லாமயா? நிறைய இருந்துச்சு. நீங்க காட்டிக்குடுத்தீங்கன்னு இல்ல. 'அக்கா மூச்சு அக்காவுக்கே அடையாளம் தெரியலயே'ன்னுதான் சொல்லிச் சொல்லி அழுவாங்க."

உள்ளே யாரோ மெர்லினைக் கூப்பிட்டார்கள். என் தோளைத் தொட்டுவிட்டு எழுந்து போனாள். நான் அந்த பெஞ்சிலேயே கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து, முதல் முறையாக என் மூச்சைக் கேட்டுப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்ததால் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.